உள்ளூர்க்காரர் கொடுப்பதில்லையா? பழைய மாணவர் தரவுத்தளமும் நன்கொடை அறிக்கைகளும்

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் – 11 பெப்ரவரி 2024

பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கம் ஒன்றில் இந்த ஆண்டு நான் உதவிப் பொருளாளர். தரவுத்தளத்தில் இருந்து ஐந்தாண்டு நன்கொடை அறிக்கை எடுத்தேன். உச்சியில் உள்ள பெயர்களில் ஒருவர்கூட யாழ்ப்பாணத்தில் இல்லை. எல்லாம் லண்டன், ரொறன்ரோ, சிட்னி. உள்ளூர் உறுப்பினர்களுக்குக் கடிதம் அச்சிட்டு அனுப்புவது வீண்செலவு என்று குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. அறிக்கையைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நிறுத்திவிடலாமா?

11 பெப்ரவரி 2024, இரவு

நிறுத்தாதீர்கள், தம்பி. குழு கூடுவதற்கு முன் அந்த உச்சிப் பெயர்களில் எத்தனை பேர் மனிதர்கள், எத்தனை கிளைகள் என்று பாருங்கள்.

நான் வேறொரு பீடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்குப் பல ஆண்டுகளாகப் பதிவேடு பார்த்துவருகிறேன். எங்கள் அறிக்கையிலும் முதல் வரியில் "லண்டன் கிளை" என்று ஆண்டுதோறும் வந்து அமர்ந்துவிடும். இராப்போசனத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள், மலருக்கு விளம்பரம் தந்த கடைக்காரர்கள், மாதாமாதம் பத்துப் பவுண் அனுப்புகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து வங்கியில் ஒரே தொகையாக வந்திறங்கிய வரி அது. தரவுத்தளம் அதை ஒரு கொடையாளர் என்று எண்ணுகிறது. அந்தத் தொகையில் பழைய மாணவர் அல்லாதவர்களின் பணமும் இருக்கிறது. பிரித்தானியாவில் பதிவு செய்த தொண்டு நிறுவனமாக இருந்தால், வரி செலுத்துகிறவர் கொடுக்கும் 100 பவுணுக்கு அரசிடம் இருந்து இன்னும் 25 பவுண் கிஃப்ட் எய்ட் ஆகக் கிடைக்கும். அதுவும் அந்தத் தொகைக்குள்தான் கிடக்கும்.

ஒரு கிளையையும் நீர்வேலியில் இருந்து ஐயாயிரம் ரூபா கொடுத்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரையும் ஒரே நிரலில் வைத்து வரிசைப்படுத்தினால் ஆசிரியர் எங்கே தெரிவார்?

12 பெப்ரவரி 2024

நேற்று எழுதியது பாதிதான். உள்ளூர், வெளிநாடு என்று உங்கள் அறிக்கை எதை வைத்துப் பிரித்தது? பெரும்பாலும் முகவரிப் புலம், அதாவது தரவுத்தளத்தில் முகவரி எழுதும் கட்டம். சில இடங்களில் பணம் வந்த வங்கி. இரண்டுமே இங்கே ஆளைக் காட்டாது.

எங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் ஒரு வரி அடிக்கடி வரும். தாயார் கொக்குவிலில் இருந்து நேரில் வந்து காசைத் தருவார். அந்தக் காசை அனுப்பியவர் ரொறன்ரோவில் உள்ள மகன், எங்கள் பீடத்தில் படித்தவர். கொடை தகப்பனாரின் நினைவாக. சீட்டை யார் பெயரில் எழுதுவது? ஒரு செயலாளர் தாயார் பெயரில் எழுதுவார், அடுத்தவர் மகன் பெயரில் எழுதுவார், இன்னொருவர் காலமானவரின் பெயரையே எழுதிவிடுவார். ஒரே குடும்பத்தின் கொடை ஆண்டுக்கு ஒரு பெயரில் மூன்று பதிவுகளாகக் கிடக்கிறது. ஆண்டு அறிக்கை எடுத்தால் மூவருமே ஒரு முறை கொடுத்துவிட்டு நின்றுபோனவர்கள்.

வெளிநாட்டில் இந்த வேலைக்கென்றே விற்கிற மென்பொருள்களில் பணம் தந்தவர், பெருமை சேர வேண்டியவர், நினைவுகூரப்படுபவர் என்று தனித்தனிப் புலங்கள் இருக்கும். எக்செல்லில் வைத்திருப்பவர்களும் மூன்று நிரல் போடலாம். காசு செலவில்லை.

15 பெப்ரவரி 2024

மானிப்பாயில் இருந்து எழுதிய அக்காவின் கேள்வி: "சென்ற ஆண்டு கொடுத்து இந்த ஆண்டு கொடுக்காதவர்கள்" என்ற பட்டியலை எடுத்து நினைவூட்டல் அனுப்பினோம், பலர் மனம் நொந்து பதில் எழுதினார்கள், என்ன பிழை என்று கேட்கிறார்.

அக்கா, அந்தப் பட்டியல் நல்ல பட்டியல். உலகம் முழுவதும் நன்கொடை அலுவலகங்கள் முதலில் எடுப்பது அதைத்தான். புதிய ஒருவரைத் தேடுவதைவிடப் பழையவரைத் தக்கவைப்பது எளிது. ஆனால் அது ஜனவரி முதல் டிசெம்பர் வரை என்ற கணக்கில் ஓடுகிறது. நம்மவரில் பலர் திதியில் கொடுக்கிறார்கள். தகப்பனாரின் திவசத்தன்று ஒரு மாணவருக்குப் புலமைப்பரிசில், தாயாரின் திதிக்கு நூலகத்துக்குப் புத்தகம். திதி ஆங்கில நாட்காட்டியோடு ஒட்டாது.

ஒரு திதியை எடுத்துப் பாருங்கள். மார்கழி வளர்பிறைத் திருதியை. 2022இல் அது ஜனவரி 5ஆம் திகதி வந்தது. அடுத்த மார்கழித் திருதியை அதே 2022இல் டிசெம்பர் 25. அதற்கடுத்தது 2024 ஜனவரி 13, தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர். 2023ஆம் ஆண்டில் அந்தத் திதி வரவே இல்லை. ஒரு நாளும் தவறாமல் கொடுத்த ஒருவரை உங்கள் அறிக்கை 2022இல் இரண்டு முறை கொடுத்தவர் என்றும் 2023இல் கைவிட்டுப் போனவர் என்றும் எழுதும். அவருக்கு நீங்கள் "எங்களை மறந்துவிட்டீர்களா" என்று கடிதம் போட்டால் அவர் நோகாமல் என்ன செய்வார்?

பன்னிரண்டு சந்திர மாதம் 354 நாள், பதின்மூன்று சந்திர மாதம் 384 நாள். ஆகவே இரண்டு திவசங்களுக்கு இடைப்பட்ட காலம் இந்த இரண்டில் ஒன்றை ஒட்டியே வரும். நாட்காட்டி ஆண்டை விட்டுவிட்டு, கடைசிக் கொடையில் இருந்து 400 நாள் கடந்தவர்களை மட்டும் பட்டியலில் எடுங்கள். பட்டியலை எடுக்கத் தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் வினவலில் மாற்ற வேண்டியது ஒரேயொரு நிபந்தனைதான்.

15 பெப்ரவரி 2024, சற்றுப் பிறகு

மேலே எழுதியதற்கு ஓர் இணைப்பு. கிறிஸ்தவக் குடும்பங்கள் இறந்த திகதியையே நினைவுகூருகின்றன. அவர்களுக்கு 365 நாள் கணக்கு சரியாக வரும். 400 நாள் வரம்பு இரு சாராரையும் அணைத்துக்கொள்ளும் என்பதால்தான் அதைச் சொன்னேன். யார் எந்த மதம் என்று தரவுத்தளத்தில் ஒரு புலம் திறக்க வேண்டாம். அதற்குத் தேவையும் இல்லை, நமக்கு உரிமையும் இல்லை.

19 பெப்ரவரி 2024

லண்டன் அண்ணா ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார்: "2022க்குப் பிறகு நாங்கள் அனுப்பும் தொகை எகிறியிருக்கிறது, உள்ளூர்த் தொகை அப்படியே நிற்கிறது. இதற்கும் பதிவேட்டில்தான் குற்றமா?"

அண்ணா, நீங்கள் அனுப்புவதற்கு நன்றி, அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அறிக்கை ரூபாவில் இருக்கிறது. 2022 மார்ச்சுக்கு முன் ஒரு அமெரிக்க டொலர் சுமார் 200 ரூபா. மே மாதமளவில் அது 360 ரூபாவைத் தொட்டுவிட்டது. 100 டொலர் அனுப்புகிற ஒருவரின் கொடை, அவர் ஒரு சதமும் கூட்டாமல், 20,000இல் இருந்து 36,000 ஆனது. அதே வேளையில் இங்கே 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். எரிபொருளுக்கு வரிசையில் நின்று, மா விலையும் மண்ணெண்ணெய் விலையும் ஏறிய நாட்களில் சம்பளம் மாறாத ஒரு விரிவுரையாளர் தன் ஐயாயிரத்தை நிறுத்தாமல் கொடுத்தார் என்றால் அந்தக் கோடு தட்டையாக நிற்பதே பெரிய காரியம்.

கொடையைக் கொடுத்த நாணயத்திலேயே ஒரு புலம், ரூபாப் பெறுமதிக்கு இன்னொரு புலம், மாற்றிய நாளின் வீதத்துக்கு மூன்றாவது. இந்த மூன்றும் இல்லாமல் 2021ஐயும் 2023ஐயும் ஒப்பிட்டு ஒரு வரைபடமும் போட வேண்டாம் என்பது என் கட்சி.

20 பெப்ரவரி 2024

கொக்குவில் தம்பிக்கு. நீங்கள் தனிமடலில் அனுப்பிய வினவலைப் பார்த்தேன். கொடை அட்டவணையில் தொடங்கி உறுப்பினர் அட்டவணைக்குப் போகிறீர்கள். அப்படிப் போனால் ஒருமுறையும் கொடுக்காதவர் எவரும் அறிக்கையில் வரமாட்டார்கள். உறுப்பினரில் தொடங்கி, கொடை இல்லாவிட்டாலும் ஆள் விடுபடாதபடி இணையுங்கள்.

இன்னொன்று. ஒருவர் இளமாணியும் முதுமாணியும் இங்கேயே படித்திருந்தால் பட்ட அட்டவணையில் அவருக்கு இரண்டு வரி. அதையும் கொடையோடு சேர்த்து இணைத்தால் அவர் கொடுத்த பத்தாயிரம் இருபதாயிரமாகக் கூடும். முதலில் ஆளுக்கு ஒரு மொத்தம், பிறகுதான் மற்ற அட்டவணைகள்.

26 பெப்ரவரி 2024

பெயர்களைப் பற்றி எழுதாமல் இந்த இழை நிறைவடையாது. நேரமெல்லாம் விழுங்குவது அதுதான்.

எங்கள் பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் தட்டியவை. எழுத்துருவை மாற்றினால் பெயர் முழுவதும் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குவியலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் தொல்லை ஓய்வதில்லை. "ஸ்ரீ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒன்று போலவே தோன்றும் அதைச் சில விசைப்பலகைகள் "ஸ" வைத்துத் தட்டுகின்றன, சில "ஶ" வைத்துத் தட்டுகின்றன. கண்ணுக்கு ஒரே ஸ்ரீகாந்தன், கணினிக்கு இரண்டு பேர். "கொ", "கோ" போன்றவற்றிலும் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியவை உண்டு, ஒரே குறியாகத் தட்டியவை உண்டு. இவற்றை ஒழுங்காக்க யூனிகோடில் ஒரு பொது முறை இருக்கிறது. "ஸ்ரீ"க்கு அந்த முறை உதவாது, நாமாகத்தான் மாற்றி எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஸ்ரீ இல்லாத பட்டியல் ஏது?

இதில் எனக்கு ஆற்றாமை தருவது பெண்களின் பதிவுகள். படிக்கும்போது தகப்பனாரின் முதலெழுத்து. திருமணத்தின் பின் கணவரின் பெயர். பட்டம் ஒரு பதிவில், கொடை வேறொரு பதிவில். முதல் பதிவைப் பார்த்தால் எதுவும் கொடுக்காத பட்டதாரி. இரண்டாவதைப் பார்த்தால் எங்கே படித்தார் என்று தெரியாத ஒரு நலன்விரும்பி. "பெண் பட்டதாரிகள் கொடுப்பது குறைவு" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் அறிக்கையைத் தூக்கிக் காட்டிப் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். அன்று வாய்திறக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்த மண்டபத்தில் வாசலில் நின்று டிக்கெட் கொடுத்தவர்களிலேயே இப்படி இரண்டாகப் பிரிந்து கிடந்த பெண்கள் இருந்தார்கள்.

சேர்ப்பதற்கு நம்பகமான திறவுகோல் பல்கலைக்கழகப் பதிவிலக்கம். திருமணம், நாடு, எழுத்துக்கூட்டல் எதனாலும் அது மாறாது. தேசிய அடையாள அட்டை இலக்கமும் உதவும். 2016இல் புதிய 12 இலக்க முறை வந்ததால் பழைய ஒன்பது இலக்கத்தைப் புதியதாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்: முன்னால் 19, ஆண்டும் நாளும் குறிக்கும் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம், இறுதி எழுத்து நீங்கும்.

27 பெப்ரவரி 2024

பூச்சியம் எங்கே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். அந்த ஐந்துக்கும் அடுத்துப் பூச்சியம்.

6 மார்ச் 2024

பங்கேற்பு வீதம் பற்றி. அமெரிக்காவில் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் ஒரு பிரபல சஞ்சிகை பழைய மாணவரில் எத்தனை வீதம் பேர் கொடுக்கிறார்கள் என்பதையும் நெடுங்காலம் ஒரு அளவுகோலாக வைத்திருந்தது. 2023இல் வெளியான பட்டியலில் இருந்து அதை நீக்கிவிட்டது. நான் அதை இன்னும் மதிக்கிறேன், தொகையைவிட அது நேர்மையானது. ஆனால் எதனால் வகுக்கிறோம் என்பது இங்கே நெஞ்சை அறுக்கிற கேள்வி.

யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது 1974இல். 1979 ஜனவரி முதல் தனிப் பல்கலைக்கழகம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் படித்தவர்களின் முகவரி என்று பதிவேட்டில் இருப்பது அவர்களின் அப்போதைய வீடு. பலாலி, மயிலிட்டி, தெல்லிப்பழை, காங்கேசன்துறை. 1990க்குப் பின் அந்த ஊர்களில் பல இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதுமே போரால் இடம்பெயர்ந்து நடந்தது. கடிதம் போய்ச் சேராத ஒருவரைக் "கொடுக்காதவர்" என்று வகுக்கும் எண்ணில் வைப்பது அநியாயம். நாங்கள் ஒரு நிலைப் புலம் வைத்திருக்கிறோம்: தொடர்பு உண்டு, தொடர்பு அறுந்தது, காலமானார். வீதம் கணிப்பது முதல் வகைக்கு மட்டும். இரண்டாம் வகையின் எண்ணிக்கையைத் தனியாக, அதே எழுத்தளவில், அதே பக்கத்தில் அச்சிடுகிறோம். அது நமது கடமை எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் எண்.

மூன்றாம் வகையைக் கவனியுங்கள். போர்க்காலத்தில் இறந்த ஒரு மாணவரின் பெயருக்குச் சங்கத்தின் நன்கொடைக் கடிதம் போயிருக்கிறது. தாயார் அதை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். உறை பிரிக்கப்படவில்லை. பெயரின் முன்னால் "திரு" என்று அச்சிட்டிருந்தது. அவர் எவரையும் ஏசவில்லை. மகனின் பெயரைப் பட்டியலில் இருந்து எடுக்க வேண்டாம், கடிதம் மட்டும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டார். அதன் பிறகு எங்கள் தரவுத்தளத்தில் எந்தப் பெயரையும் அழிப்பதில்லை. கடிதப் பட்டியலுக்கான வினவல் நிலைப் புலத்தைப் பாராமல் ஓடாதபடி கட்டியிருக்கிறோம்.

7 மார்ச் 2024

வவுனியா நண்பருக்குச் சுருக்கமாக. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. அதற்கு முன் பட்டம் பெற்றவர்களின் சான்றிதழில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றே இருக்கிறது. யாருடைய பழைய மாணவர் என்பதை அவர்களிடமே கேளுங்கள். இரண்டும் என்று சொன்னால் இரண்டிலும் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு மொத்தம் என்று மேலே சொன்னதைச் செய்திருந்தால் இரட்டிப்பு வராது.

18 மார்ச் 2024

மானிப்பாய் அக்கா மீண்டும்: "பணம் தராமல் வேலை செய்கிறவர்களை அறிக்கையில் எப்படிக் காட்டுவது?"

சில நாட்களாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேலைநாடுகளில் கேஸ் (CASE) என்ற கல்வி மேம்பாட்டு அமைப்பு பழைய மாணவர் ஈடுபாட்டை நான்காகப் பிரிக்கிறது: கொடை, தொண்டு, நிகழ்வுகளுக்கு வருதல், தொடர்பில் இருத்தல். ஆண்டில் எந்த வகையிலாவது ஒருமுறை வந்தவர் ஈடுபாடுள்ளவர். வகைகளுக்கு இடையே உயர்வு தாழ்வு இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. போதனா வைத்தியசாலையில் தன் வேலை முடிந்தபின் மாணவருக்குப் பாடம் சொல்கிற வைத்தியர், தன் அலுவலகத்தில் இறுதியாண்டு மாணவருக்குப் பயிற்சி இடம் கொடுக்கிற பொறியியலாளர், மருதனார்மடத்தில் இசை படித்து இப்போது விழாவுக்கு விழா ஊதியம் இல்லாமல் வயலின் வாசிக்கிறவர், இவர்கள் எவருக்கும் பற்றுச்சீட்டு எழுதப்படுவதில்லை. சீட்டு இல்லாததால் பதிவு இல்லை. பதிவு இல்லாததால் அறிக்கையில் பூச்சியம்.

ஆளுக்கு ஆள் மணித்தியாலக் கணக்கு எழுதச் சொல்லாதீர்கள், அது அவமதிப்பாகப் போகும். நிகழ்வு நடந்த மறுநாள் யார் வந்தார், யார் என்ன செய்தார் என்று செயலாளர் ஒரு வரி போட்டால் போதும். இந்த வரிகள் சேர்ந்த பிறகு எங்கள் அறிக்கையில் உள்ளூர்ப் பெயர்கள் ஏறிய வேகம் குழுவில் பேச்சின் போக்கையே மாற்றியது. லண்டன் அண்ணாவும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விருந்து மண்டபத்தில் கதிரை அடுக்குகிற உங்கள் கிளைப் பிள்ளைகளுக்கும் இதே வரி வேண்டும்.

19 மார்ச் 2024

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். நான்கு வகைக்கும் சமப் புள்ளி என்பதில் ஒரு தயக்கம். மின்னஞ்சலைத் திறந்து பார்த்தவரையும் இடம்பெயர்ந்த காலத்தில் மாணவருக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தவரையும் ஒரே கூட்டில் எண்ணலாமா? கூட்டிப் புள்ளி போடாமல் நான்கு நிரலாகவே வைத்துவிடுவது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். படிக்கிறவர் ஆளைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

25 மார்ச் 2024

ஓர் அவசரக் குறிப்பு. யாரோ ஒருவர் தன் சங்கத்தின் முழுப் பட்டியலையும், தொலைபேசி இலக்கமும் கொடைத் தொகையும் சேர்த்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒருவர் எவ்வளவு கொடுத்தார் என்பது அயலவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கொடையாளர் பதிவுகளுக்குப் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் நம்பியிருந்த பிளாக்போட் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணினிகளிலேயே 2020இல் திருடர் புகுந்து கொடையாளர் தகவலை எடுத்துச் சென்றார்கள். நம் எக்செல் கோப்பு எம்மாத்திரம்? குழுவுக்கு அனுப்பும் பிரதியில் பெயரும் அணியும் (எந்த ஆண்டுத் தொகுதியில் படித்தார் என்பது) மட்டும் இருக்கட்டும்.

2 ஏப்ரல் 2024

கொக்குவில் தம்பி எழுதியிருக்கிறார்: கிளைகளைத் தனியே பிரித்து, திதிக்கு 400 நாள் வைத்து, ஆளுக்கு ஒரு மொத்தம் போட்டு மறுபடி எடுத்தாராம். உள்ளூரில் ஒவ்வோர் ஆண்டும் விடாமல் கொடுக்கிற ஒரு கூட்டம் நடுவில் இருந்து எழுந்து வந்திருக்கிறது. தொகை சிறிது, இடைவெளி இல்லை. குழு கடிதத்தை நிறுத்தவில்லை. தொடர்பு அறுந்தவர்களின் பட்டியலை அணிவாரியாகப் பிரித்து, ஒவ்வோர் அணியிலும் இருவரிடம் கொடுத்துத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். மிக நல்ல வேலை. எண்பதுகளின் அணிகளை முதலில் கொடுங்கள். அவர்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கும் வயதாகிறது.

பற்றுச்சீட்டுப் புத்தகம் தீரப்போகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். புதியதை அச்சகத்துக்குக் கொடுக்கும்போது பெயருக்கு ஒரு வரி என்பதை விட்டு மூன்று வரி கேளுங்கள்: பணம் தந்தவர், யார் சார்பில், யார் நினைவாக. நான்காவதாகப் பதிவிலக்கத்துக்கு ஒரு கட்டம். திதியில் கொடுக்கிறவர் விரும்பினால் மாதமும் பட்சமும் திதியும் எழுத அடியில் சிறிது இடம் விடச் சொல்லுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு அச்சகங்கள் மூடுவதற்குள் கொடுத்துவிட்டால் வைகாசிக்குக் கையில் கிடைத்துவிடும்.